அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு: வீடு வாங்குவதில் தவறு எங்கே தொடங்குகிறது

வீடு வாங்கிவிட்டு வருந்துகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒருவருக்குப் பத்திரத்தில் சிக்கல். இன்னொருவர் வீட்டில் மழை வந்தால் சுவரெல்லாம் ஓதம். மூன்றாமவர் தவணை கட்டியே களைத்துப்போனவர். வெளியிலிருந்து பார்த்தால் இவை வேறு வேறு தவறுகள். ஆனால் "இந்த வீடுதான் என்று எப்போது முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். பார்த்த அன்றே முடிவாகிவிட்டது. பத்திரத்தை வக்கீல் படிப்பதற்கு முன்பே, கடன் எவ்வளவு கிடைக்கும் என்று தெரிவதற்கு முன்பே, மழையில் ஒருமுறை போய்ப் பார்ப்பதற்கு முன்பே மனசு அந்த வீட்டில் குடியேறிவிட்டது. அதற்கப்புறம் செய்த விசாரணையெல்லாம், எடுத்த முடிவு சரிதான் என்று சொல்ல ஆள் தேடியதுதான்.

வீடு வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்ற பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் இருப்பதும் பெரும்பாலும் சரியானதே. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே தவறு செய்தவர்களும் இருக்கிறார்கள், அதை அவர்கள் பிரித்தது தாமதமாக என்பதால். எதைச் சரிபார்ப்பது என்பதைவிட எப்போது சரிபார்ப்பது என்பதுதான் பெரிய கேள்வி என்று நான் நினைக்கிறேன். பணம் கைமாறும் முன் கேட்கும் கேள்விக்கு விற்பவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதே கேள்வியைப் பணம் கொடுத்த பிறகு கேட்டால், பதில் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம்.

முதலில் காதில் விழும் எண்

டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974ஆம் ஆண்டு ஒரு சோதனையை விவரித்தார்கள். எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தைச் சுற்றுவார்கள். அது 10இல் அல்லது 65இல் நிற்கும்படி முன்பே செய்து வைத்திருந்தார்கள். அப்புறம், ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரத்துக்கும் கேள்விக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனாலும் 10ஐப் பார்த்தவர்களின் மதிப்பீடு 25 என்ற அளவில் இருந்தது. 65ஐப் பார்த்தவர்களுடையது 45.

இது வீட்டு விலைக்கும் பொருந்துமா? 1987இல் கிரெகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் இருவரும் அதைத்தான் சோதித்தார்கள். அமெரிக்காவின் டூசான் நகரில் ஒரு நிஜ வீட்டை மாணவர்களுக்கும் அனுபவமுள்ள வீட்டுத் தரகர்களுக்கும் காட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே தகவல் கட்டு. அதில் விற்பவர் கேட்கும் விலை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. அதிக விலை பார்த்தவர்கள் வீட்டை அதிகமாக மதிப்பிட்டார்கள், குறைந்த விலை பார்த்தவர்கள் குறைவாக. தொழிலிலேயே ஊறிய தரகர்களும் இதற்கு விலக்கில்லை. கேட்ட விலையைத் தாங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை என்று அவர்களில் பெரும்பாலோர் சொன்னதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ஆகவே 'நான் பேரம் பேசிக் குறைத்துவிட்டேன்' என்ற திருப்தியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். எந்த எண்ணிலிருந்து குறைத்தீர்கள்? விற்பவர் சொன்ன எண்ணிலிருந்து. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்க மாட்டோம். இதற்கு மாற்று ஒன்றுதான். வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே, அந்தப் பகுதியில் அண்மையில் உண்மையில் பதிவான விற்பனை விலைகளைத் தேடி எடுக்க வேண்டும். விளம்பரத்தில் இருப்பது விற்பவரின் ஆசை, பதிவில் இருப்பதுதான் நடந்த விற்பனை. (வரியைக் குறைக்கப் பதிவில் விலையைக் குறைத்துக் காட்டும் வழக்கம் இருக்கும் இடங்களில் இந்த எண்ணும் முழு உண்மை ஆகாது. அங்கே அண்மையில் வாங்கிய நாலைந்து பேரிடம் நேரில் கேட்டுத்தான் ஆக வேண்டும்.) நம்மால் முடிந்த உச்ச விலையை ஒரு தாளில் எழுதி, வீட்டில் இருக்கும் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது நல்ல பழக்கம். வீட்டைப் பார்த்துவிட்டு வந்தபின் அந்த எண்ணை உயர்த்தத் தோன்றினால், ஏன் என்று அவரிடம் விளக்கியாக வேண்டும்.

பக்கத்தில் நிற்பவர்கள்

வீடு வாங்கும் நாட்களில் நம்மைச் சுற்றி நிறையப் பேர் இருப்பார்கள். தரகர், விற்பவர், கடன் கொடுக்கும் வங்கியின் ஆள், கட்டுநரின் விற்பனைப் பிரிவுக்காரர். எல்லோரும் அன்பாகப் பேசுவார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த விற்பனை நடந்தால்தான் அவர்கள் எல்லோருக்கும் வருமானம். 'இந்த வீடு வேண்டாம்' என்று சொல்வதால் பயன் பெறுகிறவர் அந்த அறையில் யாருமே இல்லை.

சிகாகோவைச் சுற்றிய பகுதிகளில் நடந்த ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, அது வாடிக்கையாளர் வீட்டைவிட ஒன்பது பத்து நாள் கூடுதலாகச் சந்தையில் காத்திருந்தது. விலையும் 3.7 சதவீதம் அதிகமாகக் கிடைத்தது. காரணம் எளிது. விலை கொஞ்சம் கூடினால் தரகருக்குக் கிடைக்கும் கூடுதல் கமிஷன் மிகச் சிறியது, அதற்காகக் காத்திருப்பது அவருக்குக் கட்டுப்படியாகாது. சொந்த வீடு என்றால் கூடுவது முழுக்க அவருக்கே. இது விற்பவர் பக்கத்துக் கதை. வாங்குகிறவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. 'இன்றைக்கே முடிவு சொல்லுங்கள், வேறு பார்ட்டி காத்திருக்கிறது' என்ற வார்த்தை வரும்போது, அந்த அவசரம் யாருடையது என்று யோசிக்க வேண்டும்.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் இருக்கும் அறிவு இடைவெளியைப் பற்றி ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் எழுதிய ஆய்வு பின்னாளில் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார்ச் சந்தை. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. வீட்டுக்கும் அதே நிலைமைதான். எந்த மூலையில் எந்த மாதம் ஈரம் ஏறும், மேல்வீட்டுக்காரர் இரவு எத்தனை மணிக்குத் தூங்குவார், எந்தக் குழாய் அடிக்கடி அடைக்கும் என்பதெல்லாம் அங்கே குடியிருந்தவருக்கு அத்துபடி. அரைமணி நேரம் சுற்றிப் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? இந்த இடைவெளியைக் குறைக்க நம் செலவில் நமக்காக மட்டும் வேலை செய்யும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பத்திரம் படிக்கத் தெரிந்த வக்கீல், இன்னொருவர் கட்டடம் பார்க்கத் தெரிந்த பொறியாளர். வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் இவர்களின் கட்டணம் அற்பம். ஆனாலும் பலர் மிச்சப்படுத்துவது இங்கேதான், அதுவும் விற்பவரே 'நம்ம வக்கீல் இருக்கிறார், அவரே பார்த்துக்கொள்வார்' என்று சொல்லும்போது. அந்த வக்கீலுக்குப் பணம் கொடுப்பவர் யாரோ, அவருக்குத்தான் அவர் வக்கீல்.

'வங்கியே கடன் கொடுத்துவிட்டது, அப்படியென்றால் பத்திரம் சுத்தம்தானே' என்பதும் இதே வகைத் தவறு. வங்கி பார்ப்பது தன் கடனுக்கு ஈடு இருக்கிறதா என்பதை. கடன் தொகை வீட்டின் விலையைவிடக் குறைவு என்பதால், வங்கிக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு குறை நமக்கு வாழ்நாள் தலைவலியாக இருக்கலாம்.

காகிதம்

ஒரு சொத்து யாருடையது என்று உறுதியாகச் சொல்வது மிகப் பழைய சிக்கல். வீட்டைக் கையில் தூக்கிக் கொடுக்க முடியாது, காகிதத்தைத்தான் கொடுக்க முடியும். காகிதம் வைத்திருப்பவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்று அறிய, அவர் யாரிடம் வாங்கினார், அந்த ஆள் யாரிடம் வாங்கினார் என்று சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் சிக்கல். இதற்கு விடையாகத்தான் தென் ஆஸ்திரேலியாவில் 1858இல் ராபர்ட் டோரன்ஸின் முயற்சியால் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அதற்கு அரசே உத்தரவாதம். பல நாடுகள் இந்த முறையைப் பின்பற்றின. எல்லா நாடுகளும் அல்ல. விற்பனைப் பத்திரத்தைப் பதிவு செய்வதும் உரிமைக்கு உத்தரவாதம் தருவதும் வேறு வேறு என்பதைப் பலர் அறியாமலே வாங்கிவிடுகிறார்கள். பல இடங்களில் பதிவு அலுவலகம் 'இப்படி ஒரு விற்பனை நடந்தது' என்று எழுதி வைக்கும், அவ்வளவுதான். விற்றவருக்கு அந்த உரிமை இருந்ததா என்று கண்டுபிடிப்பது வாங்குகிறவர் பாடு.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1868இல் முடிந்த ஒரு வழக்கு இதை நன்றாகக் காட்டும். வாங்கியவர் முறைப்படி ஒரு நிபுணரை வைத்துப் பத்திரத்தைப் பார்க்கச் சொன்னார். சொத்தின் மீது சில வில்லங்கங்கள் இருப்பதை நிபுணர் பார்த்தார். ஒரு வக்கீலிடம் கேட்டு, அவை இந்தச் சொத்தைப் பாதிக்காது என்று நம்பி, 'சுத்தம்' என்று சொல்லிவிட்டார். அது தவறாகப் போனது. வாங்கியவர் பணத்தை இழந்தார். நிபுணர் நல்ல நம்பிக்கையோடுதான் நடந்துகொண்டார், ஆகவே அவர் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1876இல், உரிமைக் குறைபாடுகளுக்கான காப்பீடு ஃபிலடெல்ஃபியாவில் பிறந்ததற்கு இந்த வழக்கு ஒரு காரணம். அத்தகைய காப்பீடு கிடைக்கும் நாட்டில் இருப்பவர்கள் அதை எடுத்துக்கொள்வது நல்லது. கிடைக்காத இடத்தில், நிபுணர் 'சுத்தம்' என்று வாயால் சொன்னால் போதாது. எந்தெந்தக் காகிதங்களைப் பார்த்தார், எத்தனை ஆண்டு பின்னோக்கிப் போனார், எதைப் பார்க்க முடியவில்லை என்று எழுத்தில் வாங்க வேண்டும். இந்த மூன்றாவது கேள்விக்கான பதிலில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

காகிதங்களை விற்பவர் கொடுக்கும் நகலாக வாங்காமல் பதிவு அலுவலகத்திலிருந்தே நேரடியாக எடுக்க வேண்டும். உரிமையாளர் ஒருவரா பலரா? இறந்துபோன ஒருவர் வழியாக வந்த சொத்து என்றால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா, அவர்களில் வயது வராத குழந்தை உண்டா? அதிகாரப் பத்திரம் வைத்துக்கொண்டு ஒருவர் விற்கிறார் என்றால், அதை எழுதிக் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா? பல சட்டங்களில் எழுதிக் கொடுத்தவர் இறந்ததுமே அந்த அதிகாரமும் போய்விடும். கட்ட அனுமதி வாங்கியது இரண்டு மாடிக்கு, கண் முன்னே நிற்பது மூன்று மாடி என்றால், அந்த மூன்றாவது மாடிக்கும் சேர்த்துத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். நாளைக்கு இடிக்கச் சொன்னால் இடிபடுவது நம் வீடு.

அப்புறம், பத்திரத்தில் உள்ள எல்லையையும் தரையில் உள்ள வேலியையும் அளவுநாடாவோடு போய் ஒத்துப் பார்ப்பது. வாங்கும் முன் இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. செய்யாததால் வந்த பக்கத்து வீட்டுச் சண்டைகள் தலைமுறை தாண்டியும் போகின்றன.

மண்ணும் சுவரும்

வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் வீட்டைப் பார்ப்பார்கள். அது நிற்கும் மண்ணின் பழைய கதையை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவின் நயாகரா அருவி நகரில் 'லவ் கால்வாய்' என்று ஒரு பாதி வெட்டிய வாய்க்கால் இருந்தது. 1942 முதல் 1953 வரை ஒரு ரசாயன நிறுவனம் அதில் ஏறத்தாழ 21,000 டன் கழிவைக் கொட்டி மூடியது. பிறகு அந்த நிலத்தை உள்ளூர்ப் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தது. அடியில் ரசாயனம் இருக்கிறது, பின்னால் எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பில்லை என்று அந்தப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது. அங்கே பள்ளிக்கூடம் வந்தது. சுற்றிலும் வீடுகள் வந்தன, குடும்பங்கள் வாங்கின. 1970களின் பிற்பகுதியில் வீடுகளின் அடித்தளத்தில் ரசாயனம் கசியத் தொடங்கியது. 1978 ஆகஸ்டில் நாட்டின் அதிபரே நெருக்கடி நிலையை அறிவித்தார். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. வீடு வாங்கியவர்கள் கண்ணில் அந்தக் காகிதம் படவில்லை.

சான் பிரான்சிஸ்கோவின் மெரினா பகுதி இன்னொரு உதாரணம். கடலோர நீர்ப்பரப்பை மணலும் இடிபாடுமாக நிரப்பி 1915ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக உருவாக்கிய நிலம் அது. பிறகு அங்கே அழகான குடியிருப்புகள் எழுந்தன. 1989 அக்டோபரில் வந்த நிலநடுக்கத்தின் மையம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ஆனாலும் நிரப்பிய மண் குழம்புபோல இளகி, மெரினாவின் வீடுகள் பல சாய்ந்தன. கீழ்த்தளம் முழுவதும் வண்டி நிறுத்தத் திறந்துவிட்டு மேலே மாடிகளை ஏற்றிய கட்டடங்கள் அதிகமாக அடிபட்டன.

இந்த அளவுக்குப் பெரிய ஆபத்து எல்லா இடத்திலும் இருக்காது. ஆனால் 'இங்கே முன்பு என்ன இருந்தது?' என்ற கேள்வியை எல்லா இடத்திலும் கேட்கலாம். குளமா, ஓடையா, குப்பைமேடா, தொழிற்சாலையா? பழைய வரைபடங்கள் பதில் சொல்லும். பழைய செயற்கைக்கோள் படங்களை இப்போது யாரும் பார்க்கலாம். எல்லாவற்றையும்விட, அந்தத் தெருவில் நாற்பது வருஷமாக இருக்கும் ஒருவர் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார். தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. ஓடை ஓடிய இடத்தில் கட்டிய வீட்டுக்குப் பெருமழையில் அது திரும்ப வரும்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். பொறியாளரை அழைத்துப் போகும் முன் நாமே சிலவற்றைப் பார்க்கலாம். சுவரில் விரிசல் கண்டாலே பயப்பட வேண்டியதில்லை. தலைமுடி அளவு மெல்லிய கோடுகள் பூச்சு உலர்ந்து சுருங்கியதால் வருபவை. ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல், செங்கல் வரிசையில் படிக்கட்டுபோல ஏறும் விரிசல், 5 மி.மீ.க்கு மேல் அகலமான விரிசல் ஆகியவை அடித்தளம் அசைந்திருக்கலாம் என்பதற்கான அறிகுறிகள். அதே பக்கத்தில் கதவு சரியாகச் சாத்தாமல் உரசினால் சந்தேகம் வலுக்கும். சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஈரம் உள்ளே வந்துபோகிறது என்று பொருள். சுவரில் தண்ணீர் ஊறி வெளியே வந்து ஆவியாகும்போது விட்டுச்செல்லும் உப்பு அது. கூரையின் அடியில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தால் சும்மா பூசி மறைக்கக்கூடிய விஷயமில்லை. இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு உப்பும், அந்த உப்பல்தான் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. மேலே பூசிவிட்டாலும் துரு தன் வேலையைத் தொடரும்.

எல்லாச் சுவரும் பழசாக இருக்க ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது வண்ணம் அடித்திருந்தால் காரணம் கேளுங்கள். பெரிய அலமாரி ஒன்று சுவரை ஒட்டி நின்றால், நகர்த்திப் பார்க்கலாமா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து விட்டு, தண்ணீரின் வேகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று தெரிந்துவிடும்.

ஒரே வீட்டை மூன்று வேளையில் பார்ப்பது நல்லது. காலையில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பும் நேரம் ஒன்று, இரவு பத்து மணிக்கு மேல் ஒன்று, நல்ல மழை பெய்யும்போது ஒன்று. மழைக்காகக் காத்திருக்க முடியாது என்று விற்பவர் சொன்னால், போன மழைக்குத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர்வீட்டில் கேளுங்கள். அங்கே இருப்பவருக்கு இந்த விற்பனையால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை.

வீட்டுக்கும் வேலைக்கும் உள்ள தூரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புரூனோ ஃப்ரை, அலோயிஸ் ஸ்டட்சர் என்ற பொருளியலாளர்கள் ஜெர்மனியின் தரவுகளை வைத்து ஆராய்ந்தார்கள். அன்றாடப் பயண நேரம் கூடக்கூட வாழ்க்கையில் திருப்தி குறைவதைக் கண்டார்கள். பெரிய வீடோ நல்ல சம்பளமோ அந்த இழப்பை முழுவதும் ஈடுகட்டவில்லை. கூடுதலாக ஓர் அறை கிடைத்த மகிழ்ச்சி சில மாதத்தில் பழகிவிடும். பயணம் மட்டும் தினமும் புதிதாக நடக்கும்.

தவணையின் கணக்கு

வங்கி எவ்வளவு கடன் தரத் தயாராக இருக்கிறது என்பதை 'என்னால் எவ்வளவு முடியும்' என்பதற்கான பதிலாக எடுத்துக்கொள்வது பரவலான தவறு. வங்கி கணிப்பது நாம் திருப்பிக் கட்டுவோமா என்பதை. கட்டிய பிறகு குழந்தையின் படிப்புக்கும் பெற்றோரின் மருத்துவத்துக்கும் என்ன மிஞ்சும் என்பது வங்கியின் கவலை அல்ல.

ஒரு சின்னக் கணக்கு. கடன் 100 பங்கு, வட்டி 8 சதவீதம், காலம் 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 0.836 பங்கு வரும். முடிவில் மொத்தம் கட்டியிருப்பது 200 பங்குக்குக் கொஞ்சம் மேல், அதாவது வாங்கியதைப்போல இரண்டு மடங்கு. ஐந்து ஆண்டு முடிந்தபோது கட்டியது 50 பங்கு. ஆனால் அசலில் குறைந்திருப்பது 12.5 மட்டுமே. கால்வாசிக் காலம் போயும் கடனில் எட்டில் ஒரு பங்குதான் கரைந்திருக்கிறது. தொடக்கத் தவணைகளில் பெரும்பகுதி வட்டிக்குப் போய்விடுவதே காரணம். அதனால்தான் நாலைந்து ஆண்டில் வேறு ஊருக்குப் போக நேரலாம் என்று நினைப்பவர்கள் வாங்குவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். வாங்கும்போது ஒருமுறை பதிவுச் செலவும் வரியும் கமிஷனும், விற்கும்போது மறுபடி செலவு, நடுவில் கட்டிய தவணையில் பெரும்பகுதி வட்டி. வாடகை வீணாகும் பணம் என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்துக் கணக்கைச் சேர்த்துச் சொல்வதில்லை.

வட்டி மாறும் கடனில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. மேலே சொன்ன கடனில் தொடக்கத்திலேயே வட்டி 8இலிருந்து 9 ஆகி, தவணை மட்டும் அப்படியே இருந்தால், 20 ஆண்டுக் கடன் 25 ஆண்டைத் தாண்டிவிடும். வட்டி 10 ஆனால்? அதே தவணையில் கடன் முடிய 50 ஆண்டுக்கும் மேல் ஆகும், ஏனென்றால் தவணையில் ஏறக்குறைய முழுவதும் வட்டிக்கே சரியாகிவிடுகிறது. மாதம் கட்டும் தொகை மாறாததால் வீட்டில் யாருக்கும் இது தெரியாமலே போகும். ஆகவே வட்டி மாறிய ஒவ்வொரு முறையும், தவணை எவ்வளவு என்பதோடு எத்தனை மாதம் பாக்கி என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் தொடக்க ஆண்டுகளில் கட்டுவதே அதிகப் பலன் தரும். இதே கடனில் ஒவ்வொரு மாதமும் 10 சதவீதம் கூட்டிக் கட்டினால், 20 ஆண்டுக் கடன் 16 ஆண்டு சொச்சத்தில் முடிந்துவிடும்.

இன்றைக்குக் குறைவாகத் தெரியும் தவணைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காததால் நாடுகளே ஆட்டம் கண்டிருக்கின்றன. 2007-08 நிதி நெருக்கடிக்கு முன் அமெரிக்காவில் பரவலாக விற்ற ஒரு வகைக் கடனில், முதல் இரண்டு ஆண்டு நிலையான வட்டி, மீதி 28 ஆண்டு மாறும் வட்டி. இரண்டு ஆண்டு முடிந்ததும் தவணை எகிறியது. ஸ்விஸ் ஃபிராங்கில் வாங்கும் கடனுக்கு வட்டி குறைவு என்பதால் போலந்தில் பலர் வீட்டுக்கடனை அந்த நாணயத்தில் வாங்கினார்கள். சம்பளம் உள்ளூர்ப் பணத்தில். 2015 ஜனவரி 15 அன்று சுவிட்சர்லாந்தின் மைய வங்கி தன் நாணயத்தின் மதிப்புக்கு வைத்திருந்த உச்சவரம்பை எடுத்ததும், ஃபிராங்க் ஒரே நாளில் தாவியது. கடன்காரர்களின் பாக்கியும் அதோடு தாவியது. எந்தப் பணத்தில் சம்பாதிக்கிறோமோ அந்தப் பணத்தில்தான் கடன் வாங்க வேண்டும். வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு சொந்த நாட்டில் வாங்குகிறவர்களும் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

முன்பணத்துக்காகச் சேமிப்பு முழுவதையும் துடைத்து எடுத்துவிடுவது பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டின் விலையோடு செலவு நிற்பதில்லை. பதிவு, வரி, வக்கீல், பழுது, இடமாற்றம் எல்லாம் உண்டு. குடிபோன பிறகு குறைந்தது ஆறு மாதத் தவணையாவது கையில் இல்லை என்றால், அந்த வீடு இப்போதைக்கு நம் சக்திக்கு மீறியது.

அடுக்குமாடியும் கட்டாத வீடும்

அடுக்குமாடியில் நாம் வாங்குவது நாலு சுவர் மட்டும் அல்ல. மொட்டைமாடியும் தூண்களும் தண்ணீர்த் தொட்டியும் நம் பங்கில் சேரும், அவற்றின் பழுதும் சேரும். ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் 1981இல் கட்டிய 12 மாடிக் குடியிருப்பு ஒன்று 2021 ஜூன் 24 அதிகாலை இடிந்து 98 பேர் இறந்தார்கள். கான்கிரீட் சேதத்தைப் பற்றிப் பொறியாளர் 2018லேயே அறிக்கை கொடுத்திருந்தார். பெரும் செலவு பிடிக்கும் அந்தப் பழுதுபார்ப்பைப் பற்றிக் குடியிருப்போர் நடுவில் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. நடுவில் அங்கே வீடு வாங்க நினைத்த ஒருவர் என்ன கேட்டிருக்க வேண்டும்? சங்கத்தின் கடைசி மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகளையும், பழுது நிதியில் எவ்வளவு இருக்கிறது என்பதையும், பொறியாளர் அறிக்கை ஏதாவது உண்டா என்பதையும். எந்த நாட்டில் வாங்கினாலும் கேட்கக்கூடிய மூன்று காகிதங்கள் இவை. தர மறுத்தால் அதுவே ஒரு பதில்.

விளம்பரத்தில் வரும் பரப்பளவையும் நம்பக் கூடாது. படிக்கட்டு, நடைபாதை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் மோசமானதால்தான் ஹாங்காங் 2013இலும் இந்தியா 2016 சட்டத்திலும் வீட்டுக்குரிய நிகரப் பரப்பை வைத்தே விற்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தன. உட்சுவரிலிருந்து உட்சுவர் வரை நாமே அளந்து, அந்த எண்ணால் விலையை வகுத்துப் பார்த்தால்தான் இரண்டு வீடுகளை ஒப்பிட முடியும்.

இன்னும் கட்டாத வீட்டை வரைபடத்தில் பார்த்து வாங்குவது கிட்டத்தட்டக் கட்டுநருக்குக் கடன் கொடுப்பதுதான். 2022இல் சீனாவின் பல நகரங்களில், பாதியில் நின்றுபோன கட்டடங்களில் வீடு பதிவு செய்தவர்கள் தவணை கட்ட மாட்டோம் என்று கூட்டாக அறிவிக்கும் நிலை வந்தது. வீடு வரவில்லை, கடன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கட்டுமானம் எந்தக் கட்டத்தை எட்டுகிறதோ அதற்கேற்பப் பணம், அதுவும் தனிக் கணக்கில், தாமதமானால் எழுதிய இழப்பீடு. இந்த மூன்றும் ஒப்பந்தத்தில் இல்லை என்றால் கட்டி முடித்த வீடாகப் பார்ப்பதே மேல்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி

இவ்வளவையும் சரிபார்க்க நாள் ஆகும். அதற்குள் வீடு வேறு ஆளுக்குப் போய்விடுமே என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்தில்தான் அட்வான்ஸ் கொடுக்கிறோம். கொடுக்கலாம். ஆனால் வெறும் ரசீதோடு கொடுக்கக் கூடாது. பத்திரத்தில் வில்லங்கம் தெரிந்தாலோ, கடன் கிடைக்காவிட்டாலோ, பொறியாளர் பெரிய குறை சொன்னாலோ, இத்தனை நாளுக்குள் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வர வேண்டும் என்று எழுதி, விற்பவரின் கையெழுத்தோடு வாங்க வேண்டும். இரண்டு வரி போதும். அந்த வரிகள் இருந்தால் விசாரணைக்குரிய நாட்கள் நம் கையில் இருக்கும். நேர்மையான விற்பவர் இதற்கு மறுப்புச் சொல்ல அதிகக் காரணம் இருக்காது. மறுப்பவரிடம், எந்த நிபந்தனை அவருக்கு ஒத்துவரவில்லை என்று கேட்டால், எந்த இடத்தில் கூடுதலாகத் தோண்ட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தொகை சிறியதாக இருப்பதும் முக்கியம். அட்வான்ஸ் பெரிதாகப் பெரிதாக, பின்வாங்குவது கடினமாகும். குறை தெரிந்த பிறகும் 'இவ்வளவு கொடுத்துவிட்டோமே' என்று தொடர்ந்து போனவர்கள் எத்தனையோ பேர்.

கடைசிப் பணம் கொடுக்கும் நாளன்று காலையில் இன்னொரு முறை வீட்டுக்குப் போங்கள். பேசியபடி வீடு காலியாக இருக்கிறதா, விசிறியும் தண்ணீர் மோட்டாரும் கழற்றப்படாமல் இருக்கின்றனவா, மின் மீட்டரில் எண் எவ்வளவு, வரிப் பாக்கியும் சங்கப் பாக்கியும் தீர்ந்த ரசீதுகள் கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மீட்டரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர் செய்து தருவதாகச் சொன்ன பழுதுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, மூடி, தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஏதாவது பாக்கி இருந்தால் அதற்கான தொகையைப் பிடித்து வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள், வேலை முடிந்ததும் அதையும் தருவதாக எழுதிக் கொடுத்து. அன்று சாயங்காலம் பூட்டை மாற்றிவிடுங்கள். பழைய சாவிக்கு எத்தனை நகல் யார் யாரிடம் இருக்கிறது என்று விற்றவருக்கே தெரிந்திருக்காது.